சின்னவளைக் கேளு

வேலியோரத்தில் கற்றாழை இல்லை.

கொல்லைக்கதவைத் திறந்ததும் கற்பகம் பார்த்தது அதைத்தான். நேற்று வரை முழங்கால் உயரத்துக்குக் கொழுத்து நின்ற செடிகளில் நடுக்குருத்து மட்டும் மிச்சமிருந்தது. மடல்களை அறுத்த இடங்களில் மஞ்சள் பால் வடிந்து காய்ந்து கிடந்தது.

அது அவள் கொண்டுவந்த செடி. கல்யாணம் முடிந்து மல்லாங்கிணற்றுக்கு வந்தபோது, சிவகாசியில் அப்பா வீட்டுக் குழாயடியிலிருந்து ஒரு கன்றைப் பாலித்தீன் பையில் மண்ணோடு எடுத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து நட்டாள். அந்த ஒன்று வேலி முழுக்கப் பரவியது. யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. இன்று காலை வரை அவளும்தான்.

"மீனாதான் அறுத்தா" என்றாள் மாமியார் ராமுத்தாய், அடுப்படியிலிருந்து. "மதுரைப் பழக்கடைக்காரர் வாராருல்ல. கூடுதலா வேணுமாம்."

"கேட்டிருந்தா நானே அறுத்துக் குடுத்திருப்பேனே அத்தை."

"நீ அசந்து தூங்குனியாம். எழுப்ப வேணாம்னுட்டா."

கற்பகம் கொல்லைக்கதவைச் சாத்தினாள். ஒருத்தி கேட்காமல் நம் பொருளை எடுத்துக்கொள்கிறாள். எடுத்ததற்கு ஒரு நல்ல காரணமும் வைத்திருக்கிறாள். அவளிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

அழகுமீனா இந்த வீட்டின் சின்ன மருமகள். கோயம்புத்தூரில் உணவுப் பதப்படுத்தும் படிப்புப் படித்தவள். அவளும் கணவன் விக்னேஷ்குமாரும் வெளியூர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்ததிலிருந்து இங்கே பேச்சே மாறிப்போனது. தோப்புக் கொய்யாவைப் பறித்தால் நாலாம் நாள் கை வைத்த இடம் குழியும். அதைத் தள்ளிப்போட வழி இருக்கிறது என்றாள் மீனா. சோற்றுக்கற்றாழையின் சதையைச் சுரண்டி அரைத்து, வடிகட்டி, மரவள்ளி மாவுக் கஞ்சியோடு சேர்த்துச் சூடாக்கி ஆறவைத்தாள். பறித்த காயை அதில் முக்கி எடுத்து நிழலில் உலர்த்தினாள். காயின் மேல் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தோல் ஏறியது. இரண்டு வாரமாகியும் காய் பச்சையாக, கெட்டியாக இருந்தது.

"பறிச்ச பெறகும் காய் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கும் மாமா. நாம அதை நிறுத்தலை. மெதுவா விடுன்னு சொல்றோம், அம்புட்டுத்தான்."

மாமனார் சோலைச்சாமி அன்றைக்குச் சிரித்தார். மறுநாளிலிருந்து அந்த வாக்கியத்தை டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். "எங்க மீனா சொல்லுது" என்று தொடங்குவார்.

அந்தத் தோப்பை வைக்கலாம் என்று முதலில் சொன்னவள் கற்பகம். மக்காச்சோளம் கருகிப்போன வருஷம் அது. காரியாபட்டிச் சந்தையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பொழுது சாயச் சாயக் குழைந்துகொண்டிருக்கும் பழத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவளும் அவள்தான். அவள் சொன்ன எந்த வாக்கியத்தையும் மாமா டீக்கடைக்கு எடுத்துப் போனதில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நேற்று இரவு, சாப்பாட்டுக்கு நடுவே கணவன் பாண்டிச்செல்வம், "மீனா மூளை மூளைதான்டி" என்றான். கற்பகம் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினாள். அந்த 'டி' மட்டும் அவளுடையதாக இருந்தது. மற்றதெல்லாம் மீனாவுக்கு.

*

தோப்பை ஒட்டிய தகரக் கொட்டகையில் வேலை நடந்தது. வள்ளித்தாய் காய்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்ப் பேப்பர் குழாய் உருட்டுகிறவள். தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி அடைத்திருந்ததால் இங்கே வந்துகொண்டிருந்தாள்.

"வாங்க பெரியக்கா. இன்னைக்கு என்ன, மொகம் திரி கிள்ளுன வெடி மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. தலைவலி."

"சின்னக்காவுக்குத்தான் தலைவலி. விடிஞ்சதுலருந்து ஒரு எடத்துல நிக்கலை."

மீனா பெரிய வாளியில் கலவையைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் தூக்கமில்லை. ஆனாலும் சிரித்தாள். "அக்கா, உங்க கத்தாழை எம்புட்டுச் சதைங்கிறீங்க! ஒரு மடலே ஒரு டம்ளர் வருது."

'உங்க கத்தாழை' என்றது கற்பகத்துக்குக் கேட்டது. கேட்காத மாதிரி நின்றாள்.

போன வாரம் இதே வாளியில் மிச்சமிருந்த கலவையில் பூசணம் பிடித்துவிட்டது. "மூடி வைக்கச் சொன்னேனே வள்ளியக்கா" என்று மீனா எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். வள்ளித்தாய் அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை. ஒரு வேலையைக் கெடுத்தவள் என்ற பெயர் அவளுக்குப் புதிது.

மீனாவின் போன் அடித்தது. "மதுரைக்காரர்தான்" என்று சொல்லிக்கொண்டே சிக்னல் கிடைக்கும் ரோட்டோரத்துக்கு ஓடினாள்.

வள்ளித்தாய் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து அலமாரிப் பக்கம் போனாள். எலுமிச்சைக்கு அடிக்க மாமா வாங்கி வைத்திருந்த மயில்துத்தப் பொட்டலம் அங்கே இருந்தது. பிரித்து, நீலக் கல் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"பெரியக்கா, கம்பெனியில பசை கிண்டுனா இதை ரவ்வோண்டு போடாம விடவே மாட்டாக. பூசணமும் வராது, பூச்சியும் அண்டாது. இதுலயும் போட்டுறட்டுமா?"

கற்பகத்துக்கு அந்த நீலம் தெரியும். அவள் அப்பா பெத்தணன் சிவகாசியில் காலண்டர் பைண்டிங் பட்டறை வைத்திருந்தவர். அங்கே மைதாப் பசை வாளியில் அதே நீலம் கிடக்கும். ஒருநாள் தம்பி விரலைப் பசையில் தோய்த்து நக்கிவிட்டான். பொழுது இறங்கும் வரை வாந்தி எடுத்தான். அப்பா அவனை மடியில் கிடத்தி, மோரை வாயில் ஊற்றியபடி அழுதார். அப்பா அழுது அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இது வேண்டாம் வள்ளி, தின்கிற பொருள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"என்னையவா கேக்குற?" என்றாள் கற்பகம். "என்கிட்ட யாரு என்ன கேட்டாக? சின்னவளைக் கேளு."

சொல்லிவிட்டுக் காய்க் கூடையை இழுத்து நிமிர்த்தி வைத்தாள். நிமிர்த்த வேண்டிய தேவை அதற்கு இல்லை.

வள்ளித்தாய் ரோட்டுப் பக்கம் பார்த்தாள். மீனா ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அவுக பேசி முடிக்கங்குள்ள கஞ்சி ஆறிப்போகும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வள்ளித்தாய் கல்லைத் தூளாக்கி வாளியில் போட்டாள். கரண்டி சுற்றியது. தெளிந்த கலவையில் ஒரு நீல நூல் ஓடியது. அடுத்த சுற்றில் அதுவும் கரைந்தது.

கற்பகம் அந்த நூல் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனா திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். மீனா மூச்சிரைக்க வந்தாள். "மத்தியானம் சாப்பாட்டுக்கே வந்துருவாராம். அக்கா, இங்க நான் பாத்துக்கிறேன். நீங்க சமையலைப் பாருங்களேன், உங்க கைக்குழம்புன்னா அவரு மயங்கிருவாரு."

நாக்கு நுனி வரை வந்தது திரும்பிப் போய்விட்டது.

"சரி" என்றாள் கற்பகம். "சமையலைப் பாக்கேன்."

*

அம்மியில் மிளகு அரைத்துக்கொண்டே தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டாள். ரவ்வோண்டுதான். அவ்வளவு பெரிய வாளிக்கு அது ஒன்றும் செய்யாது. கசக்கும், அவ்வளவுதான். ஒரு தடவை கசக்கட்டும். அந்த மதுரைக்காரர் முகம் சுளிக்கட்டும். மாமா டீக்கடைக்கு அதையும் எடுத்துப் போகட்டும்.

கை வேகமாக ஓடியது.

இன்னும் நேரம் இருக்கிறது என்றும் தோன்றியது. காயெல்லாம் உலர வேண்டும், பெட்டியில் அடுக்க வேண்டும். போய்ச் சொல்ல நாலு எட்டு நடந்தால் போதும். எழுந்து ஜன்னல் வரை வந்தாள்.

கொட்டகை வாசலில் பாண்டிச்செல்வத்தின் குட்டியானை வண்டி நின்றது. அவன் தினமும் அதில் சிவகாசிக்கு லோடு அடிக்கிறவன். மீனா ஓர் அட்டைப்பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். ஏதோ சொன்னாள். அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தாள். பாண்டிச்செல்வம் சிரித்தான். தலையை ஆட்டிக்கொண்டு பெட்டியைத் தன் இருக்கைக்குப் பக்கத்திலேயே பத்திரமாக வைத்தான்.

அந்தச் சிரிப்பைக் கற்பகம் பார்த்து எத்தனையோ நாளாகிறது. அவளுக்காக அவன் எதையும் பக்கத்து இருக்கையில் வைத்து ஓட்டியதில்லை. அவள் தந்த தூக்குச்சட்டிகூடப் பின்னால் லோடோடு கயிற்றில்தான் ஆடும்.

அவளுக்குத் தெரியக்கூடாத ஏதோ ஒன்று. அவள் வீட்டில், அவள் கணவனோடு.

வண்டி கிளம்பிப் போனது. கற்பகம் ஜன்னலை விட்டு நகர்ந்து வந்து அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தாள். இப்போது கை மெதுவாக ஓடியது. உள்ளே ஒன்று கெட்டியாகிவிட்டது. இனி யாரிடமும் எதுவும் சொல்வதற்கில்லை.

*

மதுரையிலிருந்து வந்தவர் பெயர் ரத்தினசாமி. மூன்று பழக்கடை வைத்திருக்கிறார். காரை விட்டு இறங்கியதும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "எங்கங்க அந்த மாயக் கொய்யா?" என்றார்.

சோலைச்சாமி கொட்டகையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். மீனா இரண்டு கூடைகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரே மரத்தில் ஒரே நாளில் பறித்தவை. பூச்சு இல்லாத கூடையில் காய்கள் மஞ்சளாகி, கரும்புள்ளி விழுந்து, அடியில் ஈரம் கசிந்தது. பூசிய கூடையில் காய்கள் மரத்தில் இருப்பது போலவே இருந்தன.

ரத்தினசாமி ஒன்றை எடுத்து அழுத்தினார். முகர்ந்தார். காதருகே வைத்துத் தட்டினார்.

"காயா, கல்லா?"

"கடிச்சுப் பாருங்க சார்."

கடித்தார். மென்றார். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கடி கடித்தார். சோலைச்சாமி தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், வேர்க்காமலே.

"இந்த சீசன் முழுக்க உங்க தோப்புக் காய் எனக்குத்தான். வேற யாருக்கும் பேசக் கூடாது. சரிதானா பெரியவரே?"

"மீனாவைக் கேளுங்க" என்றார் சோலைச்சாமி.

அந்த நேரத்தில்தான் பாண்டிச்செல்வத்தின் வண்டி திரும்பி வந்து நின்றது. மோர் டம்ளர்களோடு வாசலில் நின்ற கற்பகத்தைப் பார்த்து அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உள்ளே பேச்சு நடப்பதைக் கண்டு பேசாமல் நின்றுகொண்டான்.

ரத்தினசாமி எழுந்து சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளின் பக்கம் போனார். "இது காலையில பூசுனதா? இதை நான் இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன். கடைக்கு வாரவுகளுக்குச் சும்மா குடுத்து ருசி காட்டலாம். ஆனா ஒண்ணு தாயி. மருந்து கிருந்துன்னு நாலு பேரு கேப்பாக. புதுசா பூசுனதை நீங்க கடிங்க, நான் பாக்கேன்."

மீனா சிரித்தாள். இதை அவள் முன்பும் செய்திருக்கிறாள். கழுவாமல், சேலையில் துடைக்கக்கூட இல்லாமல், எல்லோர் எதிரிலும் கடிப்பாள். 'நாம திங்காததை ஊருக்குக் குடுப்போமா?' என்பாள்.

மேல் பெட்டியைத் திறந்து ஒரு காயை எடுத்தாள்.

கற்பகம் மோர்த்தட்டோடு ஓர் எட்டு உள்ளே வைத்தாள். காலையிலிருந்து அவள் காத்திருந்தது இதற்குத்தான். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. மதுரைக்காரர் முகத்துக்காக இல்லை. இந்த வாய்க்காக, இந்தக் கடிக்காக. மீனா தலையைச் சற்றுச் சாய்த்து, வாயைத் திறந்தாள். தம்பியும் அப்படித்தான் திறந்தான், மோருக்கு.

"கடிக்காத."

குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"என்னக்கா?"

"கடிக்காத மீனா. அதுல துத்தம் கெடக்கு."

மேலே தகரத்தில் ஒரு காக்கை நடக்கும் சத்தம் கேட்டது.

வள்ளித்தாய்தான் முதலில் பேசினாள். அவளுக்கு ஒளிக்க எதுவும் இல்லை. "ஆமா, நான்தான் போட்டேன். பூசணம் பிடிக்குதுன்னு சின்னக்கா வருத்தப்பட்டாகளேன்னு ரவ்வோண்டு போட்டேன். கழுவிட்டுத்தான திம்பாக? ஏன், போடக்கூடாதா? பெரியக்காட்டக் கேட்டேனே. பாத்துக்கிட்டுத்தான நின்னாக." சொல்லிக்கொண்டே வந்தவள், சுற்றியிருந்த முகங்களைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு கற்பகத்தைப் பார்த்தாள். "பெரியக்கா... நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போட்டிருப்பனா?"

மீனா காயைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். மெதுவாக, உடைகிற பொருளை வைப்பதுபோல.

ரத்தினசாமி மோரை வாங்கவில்லை. "நல்ல வேளை" என்றார். பிறகு, "ஆகட்டும் பெரியவரே. இன்னொரு நாள் பாப்போம்" என்றார். கார் கதவு சாத்தப்பட்டது. சோலைச்சாமி வழியனுப்பப் போகவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கடிப்பேன்னு உங்களுக்குத் தெரியும்லக்கா?" மீனாவின் குரல் உயரவில்லை.

"தெரியும்."

மீனா அழுவாள் என்று கற்பகம் நினைத்தாள். அழவில்லை. கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு பெட்டிகளின் பக்கம் திரும்பினாள். "எல்லாத்தையும் குழி தோண்டிப் பொதைச்சிருவோம். ஆடு மாடு வாய் வச்சுறக் கூடாது. ஒண்ணு, ரெண்டு, மூணு..." அவள் விரல் நின்றது. முகம் வெளுத்தது. பாண்டிச்செல்வத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியத்தான். அந்தப் பெட்டி."

பாண்டிச்செல்வம் தன் வண்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எந்தப் பெட்டி?" என்றாள் கற்பகம்.

வாசலில் வந்து நின்ற ராமுத்தாய்தான் சொன்னாள். என்ன நடந்ததென்று இன்னும் அவளுக்கு முழுதாகப் புரியவில்லை. "ஒங்க அய்யாவுக்குத்தாம்மா. அக்கா வீட்டுக் கத்தாழை, காலையில மொதல்ல உலந்த பெட்டி அக்கா அய்யாவுக்குத்தான் போகணும்னு மீனா சொல்லுச்சு. நீ ஒரு மாசமா மொகம் வாடிக் கெடக்க. ஒனக்குச் சொல்லாம அனுப்புவோம், அவுக போன் பண்ணிச் சொல்லும்போது நீ சந்தோசப்படுவேன்னு..."

"சிவகாசி மாமா கையிலயே குடுத்துட்டு வந்தேன்" என்றான் பாண்டிச்செல்வம். தரையைப் பார்த்துச் சொன்னான். "கழுவ வேண்டாம், அப்படியே கடிக்கலாம்னு மீனா சொல்லிவிட்டதைச் சொன்னேன். சோறு தின்னுட்டுத் திங்கேன்னாரு."

தட்டு எப்போது கீழே விழுந்தது என்று கற்பகத்துக்குத் தெரியவில்லை. காலடியில் மோர் பரவிக்கொண்டிருந்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். விரல் எண்ணைத் தவறவிட்டது. மீனா வந்து, ஒன்றும் சொல்லாமல் போனை வாங்கி, 'அப்பா' என்ற பெயரைத் தேடி அழுத்தி அவள் காதில் வைத்தாள். கையை எடுக்கவில்லை.

அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தார்.

"அப்பா!"

அந்தப் பக்கம் வாய் நிறைய எதையோ மெல்லும் சத்தம் வந்தது. பிறகு, மென்றுகொண்டே, சந்தோஷமாக அப்பா கேட்டார்.

"என்ன தாயி?"